கோத்தகிரி குளிரில் ஸ்டைலஸ் கேஜ்: எதை வாங்கலாம்?

கேத்தரின்_சாரல்:
வணக்கம். ஊசி இசைத்தட்டில் எத்தனை கிராம் அழுத்துகிறது என்று அளக்கும் ஸ்டைலஸ் கேஜ் ஒன்று வாங்க வேண்டும். டர்ன்டேபிள் ஆடியோ-டெக்னிகா எல்பி120, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய முனைப்பகுதி) அதோடு வந்த விஎம்95ஈ. இப்போதைக்குக் கவுன்டர்வெயிட் (ஆர்மின் பின்பக்க எடை) வளையத்தில் உள்ள எண்ணை நம்பி அழுத்தத்தை 2 கிராம் வைத்திருக்கிறேன். பழைய ஷூர் எஸ்எஃப்ஜி-2 கேஜ் ஒன்று விலைக்கு வருகிறது. இல்லாவிட்டால் 0.01 கிராம் காட்டும் சாதாரண டிஜிட்டல் கேஜ். எது நல்லது?

இன்னும் இரண்டு சந்தேகம். மலை உயரத்தில் எடை மாறிக் காட்டுமா? மார்கழிக் காலையில் அறை 12 டிகிரி இருக்கும்போது 'ஸ', 'ச' எல்லாம் கிழிகிறது, மதியம் சரியாகிவிடுகிறது. குளிரில் ஊசியின் அழுத்தம் குறைகிறதா? பிற்பாடு டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் போடும் எண்ணமும் உண்டு.

ஊசிமுனை:
டிஜிட்டலே எடுங்கள். ஷூர் கேஜ் எளிமையான நெம்புகோல் தராசு. பேட்டரி வேண்டாம், கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. ஆனால் அதில் 0.1 கிராம் வரைதான் நம்பலாம். விஎம்95ஈக்கு 1.8 முதல் 2.2 வரை இடம் இருப்பதால் அதுவே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் ஒரே அளவை மறுபடி மறுபடி வைத்துப் பார்க்க டிஜிட்டல் வசதி. தவிர, ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. பழையது வாங்கினால் ஊசி உட்காரும் பள்ளம் தேய்ந்திருக்கிறதா, தண்டு தடையில்லாமல் ஆடுகிறதா என்று கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

டிஜிட்டலில் 0.01 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு மூன்று.

முதலாவது, ஊசி உட்காரும் இடத்தின் உயரம். அது இசைத்தட்டின் மேற்பரப்பு உயரத்திலேயே இருக்க வேண்டும். பல டோன் ஆர்ம்களில் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) எடை மையம், ஆர்ம் ஏறி இறங்கும் அச்சுக்குக் கீழே இருக்கும். அப்படிப்பட்ட ஆர்மின் முன்பக்கம் உயர்ந்தால் எடை மையம் முன்னால் நகர்ந்து, கேஜ் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி 2.00 வைத்தால் தட்டில் விழுவது அதைவிடக் குறைவு. மெல்லிய நாக்கு போல முன்னால் நீண்ட மேடை உள்ள மாடலாகத் தேடுங்கள். டப்பா போல் தடித்தது வேண்டாம். ஏற்கெனவே தடித்ததுதான் கையில் இருக்கிறது என்றால், ஒருமுறை அளந்துவிட்டு, கேஜுக்கு அடியில் வேண்டாத எல்பி இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்து மறுபடி அளங்கள். 2.00 என்பது 2.02 ஆனால் ஒரு தட்டு உயரத்துக்கு 0.02 வித்தியாசம். மேடை எத்தனை தட்டு உயரம் கூடுதலோ அத்தனை மடங்கு கழித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, காந்தம். டிஎல்-103 போடப்போகிறீர்கள் என்றால் இதை விடவே கூடாது. அது எம்சி (மூவிங் காயில்) வகை, எம்சி கார்ட்ரிட்ஜின் காந்தம் வலுவானது. கேஜின் உடலிலோ திருகிலோ இரும்பு இருந்தால் அது கார்ட்ரிட்ஜைக் கீழே இழுத்து, அளவைக் கூட்டிக் காட்டும். சோதிப்பது சுலபம்: ஆர்மைச் சமநிலையில் மிதக்கவிட்டு, கேஜை மெதுவாகக் கார்ட்ரிட்ஜுக்குக் கீழே கொண்டுபோங்கள். ஆர்ம் தலை சாய்த்தால் அந்தக் கேஜ் வேண்டாம்.

மூன்றாவது, கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கக் கூடவே 5 கிராம் சோதனை எடை இருக்க வேண்டும். அதை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

அளக்கும்போது: முதலில் டர்ன்டேபிள் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பழைய மரத்தளங்களில் இது அவசியம். மோட்டார் அணைந்திருக்க வேண்டும், ஆன்டி-ஸ்கேட்டிங் (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் அமைப்பு) 0. பிளாட்டர் (தட்டு சுழலும் மேடை) நகராமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, ஆர்மை ஏற்றி இறக்கும் லீவரால் ஊசியைக் கேஜ் மேடையின் நடுப்புள்ளியில் இறக்குங்கள். கையால் இறக்கினால் ஊசி பக்கவாட்டில் இழுபடும். மூன்று முறை அளந்து, வித்தியாசம் 0.02க்குள் இருந்தால் சரி. பிறகு ஆன்டி-ஸ்கேட்டிங்கைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள். நிறையப் பேர் மறக்கிறார்கள், வலது சேனல் இரைகிறது என்று பிறகு தேடுகிறார்கள்.

குன்னூர்_எல்பி:
உயரம் பற்றி: ஊட்டியின் 2,240 மீட்டரில்கூடப் புவியீர்ப்பு கடல்மட்டத்தைவிட 0.07 சதவீத அளவுதான் குறையும். 2 கிராமில் அது 0.0014. கேஜுக்கே தெரியாது.

குளிர் வேறு விஷயம். ஊசியின் அழுத்தம் மாறுவதில்லை, கவுன்டர்வெயிட் நகரவில்லையே. இறுகுவது கார்ட்ரிட்ஜுக்குள் கேன்டிலீவரை (ஊசி பொருந்திய மெல்லிய தண்டு) தாங்கும் ரப்பர். விறைத்த ரப்பரோடு ஊசியால் பள்ளத்தின் வேகமான வளைவுகளைப் பின்தொடர முடியாது, 'ஸ' கிழிகிறது. தட்டின் உட்பக்கப் பாட்டுகளில் இன்னும் மோசமாகும். 2.0ஐ 2.1 ஆக்கினால் கொஞ்சம் உதவும். 2.2க்கு மேல் போகாதீர்கள். அதைவிட நல்லது, அறை 20 டிகிரிப் பக்கம் வரும்வரை தட்டைப் போடாமல் இருப்பது. ஹீட்டரை டர்ன்டேபிள் பக்கம் திருப்பி வைக்க வேண்டாம், தட்டு வளைந்துவிடும்.

அறையில் நடக்கும்போது ஊசி குதித்தால், அதற்காக அழுத்தத்தைக் கூட்டுவதும் தவறு. அது மரத்தளத்தின் ஆட்டம், சுவரில் அடித்த பலகைக்கு மாற்றினால் நிற்கும்.

கேத்தரின்_சாரல்:
நன்றி. நாக்கு மாடல் டிஜிட்டல் வாங்கியாயிற்று, காந்தச் சோதனையும் சரி. ஆனால் 5 கிராம் எடையை வைத்தால் காலையில் 4.97, மதியம் 5.00. கேஜ் கெட்டதா?

ஊசிமுனை:
இல்லை. கேஜுக்குள் எடையை உணரும் லோட் செல்லின் அளவு குளிரில் கொஞ்சம் நகரும். காலையில் அளப்பதாக இருந்தால் கேஜை ஆன் செய்து இருபது நிமிடம் அறையிலேயே வைத்துவிட்டு, பூஜ்யம் செய்து அளங்கள். 5இல் 0.03 என்றால் 2 கிராமில் 0.012 தான். அதற்காகக் கேஜை மறுபடி கேலிபரேட் (அளவுத்திருத்தம்) செய்ய வேண்டாம். எடையின் மேலேயே சந்தேகம் வந்தால் பஜாரில் நகைக்கடைத் தராசில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள். நாணயங்களை வைத்துச் சரிபார்க்காதீர்கள், தேய்மானம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

குன்னூர்_எல்பி:
ஐப்பசி மழைக்கு முன் பேட்டரியைக் கழற்றி, கேஜை சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். இந்த ஈரத்தில் பேட்டரி முனைகளில்தான் முதலில் பச்சை பூக்கும்.