வீட்டுக்குத் தரைவழித் தொலைபேசி இனியும் வேண்டுமா?

கேள்வி | முடிவெடுக்காதவன்

அனைவருக்கும் வணக்கம். செம்புக் கம்பி இணைப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டுக் கண்ணாடி இழைக்கு மாறப்போவதாகவும், பழைய எண்ணைத் தொடர விரும்பினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் தொலைபேசி நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நானும் மனைவியும் கைபேசியில்தான் பேசுகிறோம். வீட்டு எண்ணுக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை எதையாவது விற்க வருபவை. மீதி, எண் தவறி வருபவை. ஆனால் எங்களுடன் இருக்கும் 78 வயதான என் தாயார், மின்சாரம் நின்றாலும் அந்தத் தொலைபேசி பேசும் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, அதை எடுக்கவே கூடாது என்கிறார். அவர் சொல்வது இன்றும் உண்மையா? உண்மையில்லை என்றால், அந்த இணைப்பை வைத்திருக்க வேறு காரணம் ஏதேனும் உண்டா?

மறுமொழி | ஓய்வுபெற்ற கம்பியாளர்

தொலைபேசி இணைப்பகத்தில் (எக்ஸ்சேஞ்சில்) நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் உங்கள் தாயார் பக்கம் நின்று தொடங்குகிறேன். அவர் சொல்வது செம்புக் கம்பியைப் பொறுத்தவரை முழு உண்மை. உங்கள் வீட்டுக் கருவிக்கு வேண்டிய மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து வருவதில்லை. இணைப்பகத்தில் வரிசையாக அடுக்கப்பட்ட மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் நேர்மின்னோட்டமாக அதே இரட்டைக் கம்பி வழியாக வருகிறது. மணி அடிக்கும் நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 90 வோல்ட் மாறுமின்னோட்டம் அனுப்பப்படும் (மழை நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது அந்த எண்ணை அழைத்தால் கை அதை நன்றாகவே உணரும்). மின்கலங்களுக்குப் பின்னால் டீசல் மின்னாக்கியும் இருக்கும். ஊரே இருண்டாலும் டயல் டோன் கேட்டதற்கு இதுதான் காரணம்.

கண்ணாடி இழையில் ஒளி போகுமே தவிர மின்சாரம் போகாது. ஆகவே உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்படும் பெட்டி, ஒளியைக் குரலாக மாற்றுவதற்கு உங்கள் வீட்டு மின்சாரத்தையே நம்பியிருக்கும். அது நின்றால் தொலைபேசியும் நிற்கும். எண்ணும் கருவியும் பழையவையாகவே இருப்பதால் எதுவும் மாறவில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தாயார் எதற்காக இதை வைத்திருக்கச் சொல்கிறாரோ, மாறுவது அதுதான்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் இருப்பது கம்பியில்லாக் கைக்கருவி, அதாவது கார்ட்லெஸ் என்றால், அதன் அடிப்பீடம் சுவர் மின்சாரத்தில் ஓடுவதால் செம்புக் கம்பி இருக்கும்போதே மின்தடையில் அது பேசாது. ஒருநாள் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கருவியை எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு விவாதிப்பது எளிது.

மறுமொழி | கைபேசி போதும்

எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. இது உங்கள் பகுதிக்கு மட்டும் நேர்வதன்று. ஜெர்மனி பழைய வலையமைப்பைப் பெரும்பாலும் முடித்துவிட்டது; பிரான்ஸ் 2018 முதலே பழைய முறையில் புதிய இணைப்பு தருவதில்லை; பிரிட்டன் 2025 இறுதியில் முடிப்பதாகச் சொல்லிப் பின்னர் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தது. உதிரிப் பாகம் கிடைக்காத ஒரு வலையமைப்பை எந்த நிறுவனமும் பாசத்துக்காகக் காப்பாற்றாது.

தரைவழியில் குரல் தெளிவாக இருக்கும் என்பதும் பழைய கதை. அது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. இன்றைய கைபேசி வலையமைப்பில் 7000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. அவசர உதவியை அழைக்கும்போது கைபேசி தன் இருப்பிடத்தைத் தானே அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டில் 2016 இலும் ஐஃபோனில் 2018 இலும் வந்துவிட்டது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளும், மின்னேற்றிய பவர் பேங்க் ஒன்றும் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும்.

மறுமொழி | முதியவரைப் பார்த்துக்கொள்பவள்

மேலே எழுதியவர் சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் வீட்டில் 78 வயதுக்காரர் இல்லை என்றுதான் தோன்றுகிறது. என் மாமியாரிடம் நல்ல கைபேசி இருக்கிறது. ஆனால் அது சில நாள் மின்னேற்றப்படாமல் கிடக்கும். சில நாள் கை தவறுதலாகப் பட்டு ஒலி அணைந்திருக்கும். அழைப்பு வந்தால் திரையை எந்தப் பக்கம் இழுப்பது என்று நடுங்கும் விரலால் தேடுவதற்குள் அது நின்றுவிடும். சுவரோரம் எப்போதும் ஒரே இடத்தில், எடுத்தால் பேசுகிற, வைத்தால் நிற்கிற கருவி ஒன்று இருப்பதன் மதிப்பை, இரவில் கண்ணாடி அணியாமல் அதைத் தேடிப் போகும் ஒருவரைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். வீட்டில் தனியாக இருக்க நேரும் சிறு பிள்ளைக்கும் இதுவே பொருந்தும்.

இருப்பிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கைபேசி தானே இருப்பிடத்தை அனுப்புவது அந்நாட்டு அவசரச் சேவை அந்த முறையை ஏற்றிருந்தால்தான் நடக்கும். அப்போதும் அடுக்குமாடியில் எத்தனையாவது தளம், எந்தக் கதவு என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. தரைவழி எண்ணுக்கு எதிரே முழு முகவரியும் பதிவாகியிருக்கும். அழைத்தவரால் பேச முடியாத நிலையில் இந்த வேறுபாடு சிறியதன்று. ஆனால் புதிய பெட்டியை வேறு வீட்டுக்கு எடுத்துச் சென்று மாட்டினாலும் பழைய முகவரியே பதிவில் நிற்கக்கூடும் என்பதால், வீடு மாறினால் மறக்காமல் திருத்துங்கள்.

உங்கள் தாயார் கழுத்தில் அணியும் அவசரப் பொத்தான் வைத்திருந்தால், அது தொலைபேசி இணைப்பு வழியாகத்தான் தகவல் அனுப்புகிறதா என்று முதலில் கேளுங்கள். பிரிட்டனில் இணைப்பு மாற்றத்தின்போது இத்தகைய கருவிகள் செயலிழந்ததால், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றங்களையே சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள். வீட்டுத் திருட்டு எச்சரிக்கைக் கருவிக்கும் இதே சோதனை தேவை.

மறுமொழி | ஓய்வுபெற்ற கம்பியாளர்

அம்மையார் சொன்னதை ஒட்டி இரண்டு வழிகள். முதலாவது, புதிய பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய யுபிஎஸ் வைப்பது. இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 10 முதல் 20 வாட் வரைதான் எடுக்கும் என்பதால் சிறிய மின்கலமே சில மணி நேரம் தாங்கும். இரண்டாவது, பார்வைக்குச் சாதாரணத் தொலைபேசியாகவே இருந்து, உள்ளே சிம் அட்டையிலும் மின்கலத்திலும் இயங்குகிற மேசைக் கருவி. நீண்ட மின்தடையில் கைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை ஒப்படைக்கும் எண்ணம் இருந்தால், அது எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். வங்கி, காப்பீடு, மருத்துவமனை எல்லாவற்றிலும் பழைய எண்ணே இருக்கலாம். சில காலம் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போய்விடும்.

கேள்வி கேட்டவர் | முடிவெடுக்காதவன்

நேற்று இரவு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். கூடத்தில் இருக்கும் கார்ட்லெஸ் கருவி உடனே ஊமையாகிவிட்டது. அதாவது இத்தனை ஆண்டுகளாகத் தாயார் நம்பியிருந்தது நடந்திருக்கவே நடந்திராது. பிறகு பரணிலிருந்து பழைய கருவியை இறக்கிச் சுவரில் செருகினேன். டயல் டோன் கேட்டது. அதை அவர் காதில் வைத்தபோது, ‘நான் சொன்னேனே’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. எண்ணைத் தொடர்வதாக நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன், யுபிஎஸ்ஸும் வாங்கப்போகிறேன். ஒரே ஒரு ஐயம்: அந்தப் பழைய கருவி விரலால் வட்டைச் சுழற்றும் வகை. புதிய பெட்டியில் அது வேலை செய்யுமா?

மறுமொழி | ஓய்வுபெற்ற கம்பியாளர்

வட்டைச் சுழற்றும்போது அது மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டித்து எண்ணைச் சொல்கிறது. பொத்தான் கருவியின் தொனியை மட்டுமே அறிந்த பெட்டிகள் பல அந்தத் துடிப்பைப் புரிந்துகொள்வதில்லை. மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், ஆனால் நீங்கள் யாரையும் அழைக்க முடியாமல் போகலாம். அவசரத்துக்காக வைப்பது என்பதால், கம்பியுள்ள, பெரிய பொத்தான்கள் கொண்ட கருவி ஒன்றை வாங்கி அதில் மாட்டுங்கள். மாட்டிய அன்றே மெயின் சுவிட்சை மறுபடியும் அணைத்து, தாயார் கையாலேயே ஓர் அழைப்பைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.