புதுப்பிப்பு: தாதியர் டிப்ளோமாவுக்குக் கல்விக் கடன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகள் தாதியர் டிப்ளோமா படிக்க என்ன கடன் கிடைக்கும் என்று முன்பு எழுதியிருந்தேன். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னா, படிப்புச் செலவை மருத்துவமனையே ஏற்கும் ஆதரவா, எதை எடுப்பது என்று பலர் கேட்டீர்கள். ஒரே படிப்புக்கு இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

கடனுக்கு பிடிபிடிஎன் வாங்கும் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1%தான், ஆனால் குறையும் பாக்கிக்கு அல்ல, முழுக் கடனுக்கும். 40,000 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 400, 15 ஆண்டில் 6,000. படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத் தவணை தொடங்கும். படிக்கும்போது மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 2.00க்குக் கீழே போனால் கடன் பணம் வருவது நின்றுவிடும். அப்போது மீதிப் படிப்புக் கட்டணத்தைக் கல்லூரி குடும்பத்திடம்தான் கேட்கும்.

மருத்துவமனை ஆதரவில், படித்து முடித்ததும் அங்கேயே வேலை செய்யும் ஒப்பந்தம் உண்டு. இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்ற பத்தியைக் கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படியுங்கள்.

எதுவானாலும் அந்தப் படிப்புக்கு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரத்தோடு தாதியர் வாரிய அனுமதியும் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.