புல்லும் வேண்டாம், பேவர் பிளாக்கும் வேண்டாம்: தரையை மூட என்ன செடி வைக்கலாம்?

கேள்வி: ஸ்ரீரங்கத்து மருமகள்

வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் மண் தரை சும்மா கிடக்கிறது. வெயில் காலத்தில் ஒரே புழுதி, ஐப்பசி மழையில் சேறு. கொத்தனார் பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்கிறார். பெரிய மாமரம் நிற்கிறது, அதன் வேருக்கு மூச்சு முட்டும் என்று நான் சம்மதிக்கவில்லை. நர்சரியில் கேட்டால் எல்லா இடத்துக்கும் கொரியன் புல் என்கிறார்கள்.

இடம் மூன்று விதம். மாமரத்தடி, நாள் முழுக்க நிழல். மேற்குப் பக்கம் காம்பவுண்டு சுவரை ஒட்டி நீளமாக ஒரு துண்டு, மதியத்துக்கு மேல் கொளுத்தும். அங்கே கோரையும் உண்டு. மூன்றாவது கிணற்றடி, எப்போதும் ஈரம், பாத்திரம் தேய்க்கிற தண்ணீரும் அங்கேதான் ஓடும். ஒரே செடி மூன்றுக்கும் சரிவருமா? பக்கத்து வீட்டில் மஞ்சள் பூ பூக்கும் கொடி ஒன்று அடர்த்தியாகப் படர்ந்திருக்கிறது, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றார்கள். அதையே கிள்ளி வைக்கலாமா?

பதில்: கொல்லைப்புறம், கும்பகோணம்

தங்கச்சி, முதலில் அந்த மஞ்சள் பூக் கொடியின் இலையைப் பாருங்கள். இலை தடித்துப் பளபளப்பாக, மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது சிங்கப்பூர் டெய்சி, கரிசலாங்கண்ணி இல்லை. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கி இருக்கும், மடல் பிரியாது. சிங்கப்பூர் டெய்சி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று வெளியான பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும், வெட்டிப் போட்ட துண்டும் பிழைத்துக்கொள்ளும். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிலும் ஆறு. ஒரு கூடைக் கழிவு வாய்க்காலில் விழுந்தால் கரை முழுக்க அதுதான் நிற்கும். தயவுசெய்து வைக்காதீர்கள்.

மூன்று இடத்துக்கும் ஒரே செடி ஆகாது. புல்லுக்கு வெயில் வேண்டும். மாமரத்தடியில் கொரியன் புல் சில மாதங்களில் திட்டுத் திட்டாகக் காய்ந்துபோகும்.

மாமரத்தடி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலரும் கவனிக்காத விஷயம் இது. மா பூவெடுப்பதற்கு முன் வேர் கொஞ்சம் காய வேண்டும். கார்த்திகை, மார்கழியில் கீழே இருக்கும் செடிக்காக நீங்கள் தினமும் தண்ணீர் விட்டால் மரம் பூவுக்குப் பதிலாகத் தளிர் விடும். அதனால் அந்த நேரத்தில் தண்ணீர் கேட்காத செடிதான் அங்கே வேண்டும். நான் சொல்வது மஞ்சள். வைகாசி, ஆனியில் கிழங்கை ஊன்றினால் ஆடிக்குமேல் இலை விரிந்து தரையை மூடும். பொங்கலுக்குக் கொத்து எடுக்கலாம், தை கடைசியில் இலை தானாகக் காய்ந்துவிடும். சித்திரையில் மாங்காய் பறிக்கும்போது கீழே நடக்க இடமும் இருக்கும். அந்த இடைவெளியில் மாவிலைச் சருகைக் கூட்டி எரிக்காமல் அப்படியே பரப்பி வையுங்கள், புழுதி பறக்காது.

வருஷம் முழுக்கப் பச்சை தெரிய வேண்டும் என்றால் ஓரத்தில் ரியோ வைக்கலாம், அடியிலை ஊதாவாக இருக்குமே, அது. வறட்சி தாங்கும். அதன் சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும், அதனால் குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். எதை வைத்தாலும் அடிமரத்திலிருந்து இரண்டு அடி தள்ளியே வையுங்கள். மண்ணைக் கொட்டி மேடாக்காதீர்கள், மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தவும் வேண்டாம்.

மேற்குத் துண்டுக்குப் பொடுதலை. எனக்கு இதைவிடப் பிடித்த தரைச்செடி கிடையாது. வெயில் தாங்கும், மிதி தாங்கும், தரையோடு தரையாகப் படரும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதேதான். காசு கொடுத்து வாங்க வேண்டாம், வயல் வரப்பிலும் குளத்தங்கரையிலும் கிடைக்கும். கணு உள்ள தண்டாகக் கிள்ளி, ஒரு சாண் இடைவெளியில் புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். பூவுக்குத் தேனீ வரும், மயில் வசீகரன் பட்டாம்பூச்சி இலையில் முட்டையிடும். பூத்திருக்கும்போது மட்டும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

ஆனால் கோரையை ஒழிக்காமல் எதையும் நடாதீர்கள். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி முளைக்கும். பிளாஸ்டிக் தாள் விரித்தாலும் அதையும் குத்திக்கொண்டு வரும். தண்ணீர் விட்டு முளைக்கவிட்டு, கடப்பாரையால் நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். மறுபடி முளைக்கவிட்டு மறுபடி எடுங்கள். பொறுமை வேண்டிய வேலை, வேறு வழி இல்லை.

கிணற்றடியில் சோப்புத் தண்ணீர் விழும் வாயில் கல்வாழை வையுங்கள். வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டுக்கும் ஈரம் பிடிக்கும், ஆனால் சாப்பிடுகிற கீரையைப் பாத்திரத் தண்ணீரில் வளர்க்கக் கூடாது. கிணற்றின் மறுபக்கம், நல்ல தண்ணீர் மட்டும் சிந்தும் இடத்தில் அவற்றை வையுங்கள்.

பதில்: நாகை மணல்

அக்கா சொன்ன பொடுதலைக்கு நானும் சாட்சி. எங்கள் வீடு கடலோரம், மண்ணில் உப்பு. வேறு எது வைத்தாலும் கருகும், பொடுதலை நிற்கிறது. மணல் பறக்காமல் இருக்க வேலிக்கு வெளியே அடப்பங்கொடி விட்டிருக்கிறோம். அது பல மீட்டர் ஓடும், சின்னக் கொல்லைக்குள் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: ஸ்ரீரங்கத்து மருமகள்

இலையைப் பார்த்தேன் அக்கா, மூன்று மடல்தான். வைக்கவில்லை. மாமியாருக்கு ஒரே பயம், தரை மூடினால் பாம்பு அடையும் என்கிறார். என்ன சொல்வது?

பதில்: கொல்லைப்புறம், கும்பகோணம்

அவர் பயம் நியாயம்தான், அதைத் தள்ளிவிடாதீர்கள். பாம்பு எலியையும் தவளையையும் தேடித்தான் வரும். பொடுதலை கணுக்கால் உயரம்கூட வராது, ஊர்வது கண்ணில் படும். மஞ்சள் இடுப்பு உயரம் வளரும், அதனால் அதை நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டுச் சுவர் ஓரம் இரண்டு அடி வெறும் தரையாக விட்டு, மாமியார் பழக்கப்படி தினமும் பெருக்கட்டும். விறகு, ஓடு, தேங்காய் மட்டைக் குவியல் இருந்தால் அதை முதலில் எடுங்கள். கிணற்றடிக்குப் போகும் பாதையில் ஒரு விளக்கும் போட்டுவிடுங்கள்.

பொடுதலைத் தண்டு அங்கே கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், ஈரச் சாக்கில் சுற்றிப் பார்சலில் அனுப்புகிறேன்.