லினோ அச்சில் கறுப்பு முழுசாக விழவில்லை, எங்கும் வெள்ளைப் புள்ளி. உதவி தேவை

கோவை_நிழல்:
வணக்கம். ஏ4 அளவு லினோவில் (செதுக்கி மை தடவி அச்செடுக்கும் மெத்தென்ற தகடு) ஒரு வேப்பமரம் செதுக்கியிருக்கிறேன். இரவுக் காட்சி, அதனால் பின்னணி முக்கால்வாசி கறுப்பு. வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டிச் செய்த காந்தி லினோ அச்சைப் பார்த்ததிலிருந்து எனக்கு அப்படி ஒரு கறுப்புப் பின்னணி வேண்டுமென்று ஒரே பித்து. வருவதோ உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். மையைக் கூட்டினால் கறுப்பு கொஞ்சம் தேறுகிறது, ஆனால் இலைக் கோடுகள் அடைத்துக்கொள்கின்றன.

வாட்டர் பேஸ் லினோ இங்க், 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் பேப்பர், சின்ன ரப்பர் ரோலர். பிரஸ் கிடையாது, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்க்கிறேன். பிரஸ் வாங்கியே ஆகணுமா?

வெட்டுக்கோடு:
பிரஸ்ஸைப் பிறகு பார்க்கலாம், எனக்குச் சந்தேகம் பேப்பர் மேல்தான். வாட்டர்கலர் பேப்பரின் முகம் மேடுபள்ளமாக இருக்கும். கரண்டி கொடுக்கும் அழுத்தத்தில் மேடு மட்டும் மையைத் தொடும், பள்ளம் வெள்ளையாகவே நின்றுவிடும். அதிலும் 300 ஜி.எஸ்.எம். கைத்தேய்ப்புக்கு ரொம்பக் கனம்.

ஒரு சோதனை: அதே பிளாக்கில், அதாவது செதுக்கிய லினோவில், அதே மையைத் தடவி ஜெராக்ஸ் பேப்பரில் ஒன்று எடுங்கள். கறுப்பு நன்றாக விழுந்தால் குற்றவாளி தாள். அப்போது நேபாளத்து லோக்தா போல மெல்லிய, கிழியாத தாளுக்கு மாறிவிடுங்கள். தேய்க்கும்போதே பின்பக்கம் மை நிழலாடுவது தெரியும், விட்டுப்போன இடத்தில் இன்னும் ரெண்டு தேய் தேய்க்கலாம்.

டிரெடில்_வீட்டுப்பிள்ளை:
சிவகாசியிலிருந்து. அப்பா காலால் மிதிக்கும் டிரெடில் அச்சு மெஷின் ஓட்டியவர், நான் ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறேன்.

தாள் பாதி, மை பாதி. ரோலர் ஓடும் சத்தத்தைக் கேளுங்கள். கண்ணாடி மேல் மையை உருட்டும்போது மெல்லிசாக 'ஸ்ஸ்ஸ்' என்று வந்தால் சரியான அளவு. 'சப் சப்' என்று ஒட்டிப் பிரிந்தால் மை அதிகம், அதுதான் உங்கள் இலைக் கோடுகளை அடைக்கிறது. ஒரேயடியாகத் தடவாதீர்கள். மெல்லிசாக ஒரு பூச்சு, ரோலரைத் திருப்பி மறுபடி மையெடுத்து, குறுக்கே இன்னொன்று. முதல் ரெண்டு மூன்று அச்சு மங்கலாகத்தான் வரும். புது லினோ மையைக் குடிக்கும்.

இன்னொன்று: ஃபேன் ஓடுகிறதா? வாட்டர் பேஸ் மை நம்ம ஊர் வெயிலில், ஃபேன் காற்றில், நீங்கள் தாளை எடுத்து வைப்பதற்குள் பாதி காய்ந்துவிடும். காய்ந்த மை எப்படித் தாளில் ஏறும்?

மசிக்கை:
இங்கேயே கேட்கலாமா? ஒரே பிளாக்கை வெட்டி வெட்டி மூன்று கலர் போடுகிறேன், ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை.

வெட்டுக்கோடு:
@மசிக்கை தனி இழை போடுங்கள், பெரிய கதை அது. இப்போதைக்கு: பலகையில் 'ட' வடிவத்தில் அட்டை ஒட்டி, பிளாக்கின் மூலையும் தாளின் மூலையும் எப்போதும் அதிலேயே முட்டும்படி வையுங்கள்.

கோவை_நிழல்:
ஃபேனை நிறுத்தி ஜெராக்ஸ் பேப்பரில் எடுத்தேன், புள்ளி போயே போச்சு! நன்றி அண்ணா. ஆனால் அடிமரத்துக்குப் பக்கத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம் மட்டும் சாம்பலாகவே வருகிறது. எத்தனை முறை எடுத்தாலும் அதே இடம்.

டிரெடில்_வீட்டுப்பிள்ளை:
ஒவ்வொரு முறையும் அதே இடம் என்றால் மை மேல் பழி போடாதீர்கள், பிளாக் அங்கே தாழ்ந்திருக்கிறது. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த பழைய லெட்டர்பிரஸ்காரர்கள் இதற்கு 'மேக்ரெடி' என்று ஒன்று செய்வார்கள். மங்கலான இடத்துக்கு நேர் பின்னால், பிளாக்கின் முதுகில், மெல்லிய தாள் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். வெட்டிய ஓரம் படி மாதிரி நின்று அச்சில் கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் சரிந்து மறைந்துவிடும். ஒரு அச்சு எடுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் சிறிய துண்டு ஒன்று, அதன் மேலேயே.

வெட்டுக்கோடு:
இதை நான் கேள்விப்பட்டதே இல்லை, நானும் செய்து பார்க்கிறேன். கோவை_நிழல், எல்லாப் புள்ளியையும் ஒழிக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். கையால் தேய்த்த கறுப்பில் கொஞ்சம் மூச்சு இருந்தால் எனக்குப் பிடிக்கும். ஸ்டிக்கர் மாதிரி வழவழவென்று வேண்டுமானால் ஸ்கிரீன் பிரிண்டிங் போகலாமே.

கோவை_நிழல்:
இரண்டு துண்டு ஒட்டியதும் சரியாகிவிட்டது! ஆனால் இது ராத்திரி, இதில் எனக்கு மூச்சு வேண்டாம் :) இன்னும் அடர்த்திக்கு ஆயில் இங்க் போகலாமா? அதைக் கழுவும் டர்பன்டைன் நாற்றத்துக்கு வீட்டில் விடமாட்டார்கள்.

டிரெடில்_வீட்டுப்பிள்ளை:
போகலாம். ஆஃப்செட் கறுப்பே போதும், ஆனால் மெஷினில் காயாமல் நிற்பதற்கென்றே ஒரு ரகம் உண்டு, அதை வாங்கிவிடாதீர்கள். கடையில் சொல்லிக் கேளுங்கள். பிசுபிசுப்பு அதிகமென்றால் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. காய நாள் கணக்காகும், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கழுவ டர்பன்டைன் வேண்டாம்: சமையல் எண்ணெய் விட்டுத் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறம் குப்பைக்கு.