11 முறை மக்களவைக்குச் சென்ற இந்திரஜித் குப்தா: எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி:
இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா 1960 இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குள் நுழைந்தவர். 1977இல் தோற்றதால் விழுந்த ஓர் இடைவெளி நீங்கலாக, 2001 பிப்ரவரியில் மறையும்வரை உறுப்பினராகவே இருந்தார். அமைச்சர் பதவியோ இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. பெரும்பாலும் ஆட்சிக்கு வெளியிலேயே இருந்த ஒருவரின் பணியை எதைக் கொண்டு அளப்பது?

பதில் 1:
என்னைக் கேட்டால், தேர்தல் செலவை அரசு ஏற்பது குறித்து ஆராய 1998இல் அவர் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையைத்தான் முதலில் சொல்வேன். அரசு உதவுவது நியாயமே என்று ஏற்றுக்கொண்ட அந்த அறிக்கை, அதைப் பணமாகத் தரக் கூடாது, பொருளாகவும் வசதியாகவும் மட்டுமே தர வேண்டும், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. வாகன எரிபொருள், ஒலிபெருக்கி, வாக்காளர் பட்டியல் நகல், அரசு ஊடகங்களில் இலவச நேரம் என்று அது இறங்கிப் பேசும் இடங்களில், தேர்தல் களத்தில் செலவுக் கணக்குப் பார்த்துப் பழகியவரின் கை தெரிகிறது. சுயேச்சைகளை விலக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. அது தனி விவாதம். பரிந்துரைகள் கிடப்பில் போடப்பட்டன.

பதில் 2:
1991, 1996, 1998, 1999 ஆகிய நான்கு முறையும் தற்காலிகச் சபாநாயகராக இருந்து புதிய உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவரே. மூத்த உறுப்பினரை நியமிப்பது மரபுதானே தவிர, அரசமைப்புச் சட்டத்தின் கட்டாயமன்று. ஆட்சிகள் மாறிமாறி வந்தபோதும் ஒரு கம்யூனிஸ்ட் அந்த நாற்காலியில் அமர்வதற்கு எவரும் தயங்கவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் என்பேன். 1948இல் கம்யூனிஸ்டுகள் மீதான ஒடுக்குமுறையின்போது தலைமறைவாக வாழ்ந்தவர் 1996இல் உள்துறை அமைச்சரானார். அப்போதும் பங்களா வேண்டாமென்று நாடாளுமன்ற உறுப்பினர் விடுதியான டெல்லி வெஸ்டர்ன் கோர்ட்டின் சிறு குடியிருப்பிலேயே இருந்துவிட்டார்.

பதில் 3:
நண்பர்கள் சொன்னவை சரியே. ஆனால் 1977ஐ வெறும் இடைவெளி என்று கடந்துவிட முடியாது. 1975இல் இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த நெருக்கடி நிலையை அவருடைய கட்சி ஆதரித்தது, அந்தத் தேர்தலில் அதற்கான விலையையும் கொடுத்தது. அந்த ஆதரவு தவறு என்று 1978 பதிண்டா மாநாட்டில் கட்சியே ஒப்புக்கொண்டது. 1980இல் மேற்கு வங்கத்தின் பசீர்ஹாட் தொகுதி வாக்காளர்கள் அவரை மீண்டும் அனுப்பியதையும், பின்னர் அதே மாநிலத்தின் மிட்னாப்பூர் தொகுதி தொடர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்ததையும் இதோடு சேர்த்துப் படித்தால்தான் மதிப்பீடு நேர்மையாக இருக்கும்.