கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்: போக மூன்று மணித்தியாலம், வர ஏறத்தாழ ஆறா?

கேள்வி – டிக்கோயாவிலிருந்து

டுபாயில் பணிபுரியும் அக்காவைப் பார்க்க எங்கள் அம்மா முதன்முறையாக விமானத்தில் செல்லவிருக்கிறார். டிக்கட்டில், கட்டுநாயக்கவில் காலை 10.05க்குப் புறப்பட்டுப் பிற்பகல் 1.15க்கு டுபாயை அடைவதாகவும், திரும்பும்போது அங்கு பிற்பகல் 2.00 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.40க்கு வந்திறங்குவதாகவும் உள்ளது. ஒரே தூரத்துக்கு இத்தனை வேறுபாடு எப்படி? 2000ஆம் ஆண்டளவில் அங்கு வேலை செய்த மாமா, இரு நாடுகளுக்கும் இடையே இரண்டு மணித்தியால வித்தியாசம் உண்டு என்கிறார். அதைச் சேர்த்துக் கழித்தாலும் கணக்கு நேராகவில்லை. ஹட்டனிலிருந்து எத்தனை மணிக்கு வேன் எடுக்க வேண்டும் என்பதையும் அறியத் தாருங்கள்.

மறுமொழி 1

டிக்கட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படியே அச்சிடப்படும். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், போகும் பயணத்துக்கு அதைக் கூட்டினால் 4 மணி 40 நிமிடமும், வரும் பயணத்தில் கழித்தால் 4 மணி 10 நிமிடமும் கிடைக்கும். வான்வழித் தூரம் சுமார் 3,300 கிலோமீற்றர். விமானம் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறி இறங்குவதும், தரையிறங்க முறை காத்திருப்பதும் டிக்கட் நேரத்துக்குள் அடங்கும்.

மீதமுள்ள அரை மணித்தியாலத்துக்குக் காற்றே முக்கிய காரணம். அரேபியாவின் பக்கம், விமானங்கள் பறக்கும் உயரத்தில், குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். போகும்போது எதிர்த்து நிற்பது வரும்போது பின்னிருந்து தள்ளும்.

மாமா சொல்வதும் அவர் காலத்துக்குச் சரிதான். 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் அரை மணித்தியாலம் மட்டும் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில் டுபாயுடன் இரண்டு மணித்தியால வித்தியாசமே இருந்தது.

மறுமொழி 2

வானத்தை விட வீதியைப் பற்றியே கவலைப்படுங்கள். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் 85 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் கினிகத்தேனை, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று வளைந்து இறங்கும் பாதையில் நான்கு மணித்தியாலத்துக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டாம். அதாவது, டுபாய்க்குப் பறக்கும் நேரம் இங்கேயே போய்விடும். கடுவலையில் அதிவேகப் பாதைக்கு ஏறிவிட்டால் கெரவலப்பிட்டி வழியாக விமான நிலையம் வரை தாமதம் பெரிதாக இராது. மூன்று மணித்தியாலத்துக்கு முன்னரே அங்கு இருக்க வேண்டுமென்றால், அதிகாலை 2 மணிக்காவது புறப்பட வேண்டும்.

மறுமொழி 3

வறண்ட காலமாயின் மேலே கூறியது போதும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் கினிகத்தேனைப் பக்கம் பனிமூட்டமும் மண்சரிவும் வீதியை எந்நேரமும் மறிக்கக்கூடும் என்பதால், வயதான ஒருவரை நள்ளிரவில் அவ்வழியே அழைத்துச் செல்வதை நான் விரும்பமாட்டேன். முதல் நாள் பகலிலேயே இறங்கி, நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள். திரும்பும் நாளிலும் அவ்வாறே செய்வது நல்லது: 7.40க்கு இறங்குபவர் குடிவரவும் பயணப்பொதியும் முடித்து வெளியே வர 9 மணியாகிவிடலாம். அதன் பிறகு மலையேறினால் டிக்கோயா சேர நள்ளிரவு தாண்டிவிடும்.