மாலத்தீவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள்: கோட்டா, முட்டை, ஜல்லி, டாலர்

கேள்வி (புதிதாக ஏற்றுமதிக்கு வருபவர்)

மாலேக்குப் பல்லாரியும் (பெரிய வெங்காயம்) முட்டையும் அனுப்பலாம் என்று பார்க்கிறோம். மாலத்தீவுக்கு இந்தியா தனிக் கோட்டா ஒதுக்கியிருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் விற்பனை நிச்சயம்தானே? எங்கே அடி விழும் என்று அனுபவமுள்ள அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

தூத்துக்குடி கஸ்டம்ஸ் ஏஜென்ட்

தம்பி, முதலில் கோட்டாவைப் புரிந்துகொள்ளுங்கள். 1981-இல் இரு நாடுகளும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி, மாலத்தீவுக்கு வேண்டிய சில அத்தியாவசியப் பொருள்களை ஏற்றுமதித் தடை எதுவும் தொடாமல் அனுப்பலாம். எவ்வளவு என்பதை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி., நிதியாண்டுக் கணக்கில் அறிவிக்கிறது. 2024-25க்கு வந்த அளவுகள்: அரிசி 1,24,218 டன், கோதுமை மாவு 1,09,163 டன், சர்க்கரை 64,494 டன், வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், பருப்பு 224 டன், முட்டை 42.75 கோடி, ஜல்லியும் ஆற்று மணலும் தலா 10 லட்சம் டன். ஒப்பந்தம் வந்த நாள் முதல் அதுவரை இவ்வளவு பெரிய ஒதுக்கீடு கிடையாது.

இந்த எண்களை அந்த நாட்டு மக்கள்தொகையோடு வைத்துப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பில் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து 5.15 லட்சம் பேர். அரிசியை வகுத்தால் தலைக்கு 240 கிலோ, முட்டை தலைக்கு 830. ஆண்டுக்கு 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தாலும், ஒவ்வொருவரும் சில நாள்தான் தங்குகிறார்கள். ஆகவே கோட்டா ஒரு உச்சவரம்பு, சந்தை அதற்குள்ளே எங்கோ சிறியதாக இருக்கிறது. கோட்டாவைப் பார்த்துக் கொள்முதல் செய்தால் சரக்கு கிட்டங்கியிலேயே அழுகும்.

அப்படியென்றால் கோட்டா எதற்கு? இங்கே கதவு மூடும் நாளுக்காக. 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும், 2023 டிசம்பர் 8-இல் வெங்காயத்துக்கும் தடை வந்தது. அந்த மாதங்களிலும் மாலேக்குச் சட்டப்படி சரக்கு போக வழி இருந்தது. பருப்பு நேர்மாறு. தலைக்கு அரைக் கிலோகூட வராத ஒதுக்கீடு. ஆனால் பருப்பு ஏற்றுமதிக்குத் தடை இல்லாத காலத்தில் கோட்டாவைத் தொடாமலே அனுப்பலாம்.

இன்னொன்றும் உண்டு. விலக்கு கிடைப்பது தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும். ஏற்றுமதி வரி நிதி அமைச்சகத்தின் கையில் இருக்கிறது, அதற்குத் தனி அறிவிக்கை. தடை நீங்கிய பிறகு, 2024 மே முதல் வெங்காயத்துக்கு 40 சதவீத வரி இருந்தது. பிறகு 20 ஆகி, 2025 ஏப்ரல் 1-இல் நீங்கியது. விலை பேசும்போது இரண்டு அறிவிக்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி (கேரளப் பக்கத்து வியாபாரி)

கொச்சியிலிருந்து மாலே கிட்டத்தில்தானே? அங்கிருந்து ஏற்றினால் என்ன?

தூத்துக்குடி கஸ்டம்ஸ் ஏஜென்ட்

தூரத்தைப் பார்க்காதீர்கள் சார், அறிவிக்கையில் துறைமுகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் வந்த திருத்தத்தில் இந்தக் கோட்டாப் பொருள்கள் முந்த்ரா, தூத்துக்குடி, நவசேவா, துக்ளகாபாத் உள்நாட்டுக் கன்டெய்னர் நிலையம் ஆகிய நான்கு வழியாக மட்டுமே போகலாம் என்று வரையறுத்தார்கள். திருத்தங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் போடும் ஆவணம்) போடுகிற அன்று காலையில் அறிவிக்கையைத் திறந்து பார்த்துவிட வேண்டும். பட்டியலில் இல்லாத துறைமுகத்தில் சரக்கு இறங்கிவிட்டால், ரீஃபருக்கு, அதாவது குளிர்சாதனக் கன்டெய்னருக்கு, மின்சார வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், பில் நகராது.

தடை உள்ள பொருளாக இருந்தால் கோட்டாவில் மீதம் எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச்சில் இது ரொம்ப முக்கியம். கொழும்பில் கப்பல் மாற்றிப் போகும் சரக்கு என்றால் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) இறுதி இடம் மாலே என்று தெளிவாக வர வேண்டும். சரக்கு இறங்கும் துறைமுகம் கொழும்பு என்று மட்டும் இருந்தால் மாலத்தீவு விலக்கைக் கேட்க ஆதாரம் இல்லை.

நாமக்கல் முட்டை பேக்கிங் பக்கம்

முட்டைக் கணக்கு: தட்டுக்கு 30, பெட்டிக்கு 12 தட்டு, அதாவது 360. 40 அடி ரீஃபரில் 1,312 பெட்டி அடுக்கினால் 4,72,320 முட்டை. முழுக் கோட்டாவும் ஏறக்குறைய 905 கன்டெய்னர்தான்.

உடைவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மாலே வழியில் அதைவிடப் பெரிய சேதம் வேர்வையால் வருகிறது. குளிரில் இருந்த முட்டையை ஈரக் காற்றில் இறக்கினால் ஓட்டின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஓட்டைக் காக்கும் மேற்பூச்சு நனைந்ததும் துளைகள் வழியே கிருமி உள்ளே இழுபடும், தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். மாலே ஆண்டு முழுக்கப் புழுக்கம். அதோடு இறக்குமதியாளரின் கிட்டங்கி எப்போதும் குளிரூட்டியதாக இருக்காது. அங்கே ஏ.சி. கிட்டங்கி இருக்கிறதா, அதன் வெப்பநிலை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் ரீஃபரின் அளவை வைக்க வேண்டும். நேராகக் கடைக்குப் போகும் சரக்கை மிகக் குளிராக வைப்பது தவறு. சில நாள் பயணத்துக்கு அவ்வளவு குளிர் தேவையும் இல்லை.

கூர்முனை கீழே இருக்கட்டும். காற்றறை மேலே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். காகிதத் தட்டு ஈரம் உறிஞ்சித் தளர்ந்தால் கீழ் வரிசை நசுங்கும், அதனால் அடிப்பெட்டிக்குக் கனமான அட்டை போடுங்கள். கால்நடைத் துறையின் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பேச்சே இல்லை. பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால், பண்ணை எந்த மாவட்டம் என்பதையே முதலில் கேட்பார்கள். ஒரே பில்லில் பல பண்ணை முட்டையைக் கலக்காதீர்கள். ஒரு பண்ணைக்குச் சிக்கல் என்றால் கன்டெய்னர் முழுதும் நிற்கும்.

பல்லாரி மண்டி

பல்லாரியையும் உருளையையும் ஒரே கன்டெய்னரில் போட்டு வாடகையை மிச்சம் பிடிக்கலாம் என்று யோசனை வரும். வேண்டாம். உருளை ஈரம் விடும், வெங்காயம் அதை இழுத்துக்கொண்டு கழுத்தில் அழுகும். காயவைப்பதுதான் இந்தச் சரக்கின் உயிர்: கழுத்து இறுகி, மேல்தோல் சரசரவென்று இருக்க வேண்டும். மழையில் அறுத்ததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கப்பலுக்கு எடுக்காதீர்கள்.

வலைச் சாக்கில் கட்டி, ரீஃபரின் காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள். மூடிவிட்டால் உள்ளே வியர்த்து முளை கட்டும். 40 அடி ரீஃபரில் சுமார் 28 டன். தரையோடு ஒட்டாமல், பின்கதவு வரை நெருக்கித் திணிக்காமல் காற்று ஓட இடம் விட்டு அடுக்கணும். ஏற்றும்போது வெயிலில் சூடேறிய சாக்கை அப்படியே உள்ளே தள்ளினால் இயந்திரம் அந்தச் சூட்டை இறக்கவே இரண்டு நாள் திணறும். பயணமே அவ்வளவுதான். தூத்துக்குடியில் பயிர்த் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்றிதழ் தேதியும் கப்பல் தேதியும் அதிகம் விலகக் கூடாது.

தோணியில் அனுப்பலாமா என்று கேட்பார்கள். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலேக்கு சுமார் 400 கடல் மைல். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணி ஓடாது. சரக்கைத் தளர்வாக, சிறு அளவில் ஏற்றவும், கட்டுமானப் பொருளோடு சேர்த்து அனுப்பவும் தோணிதான் வசதி. இன்றும் அந்தத் தொழிலை உயிரோடு வைத்திருக்கும் தண்டலும் (தோணித் தலைவர்) மாலுமிகளும் நம் கரையின் பெருமை. ஆனால் காப்பீட்டை முன்கூட்டியே பேசுங்கள்: வகைச்சான்று பெற்ற எஃகுக் கப்பலுக்கு எழுதிய சரக்குப் பாலிசி மரக்கலத்துக்குத் தானாகப் பொருந்தாது, கூடுதல் பிரீமியம் கட்டி எழுத்தில் வாங்க வேண்டும். எல்.சி.யில் (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உறுதிக் கடிதம்) கன்டெய்னர் கப்பல் என்று எழுதியிருந்தால் தோணியின் பில் ஆஃப் லேடிங்கை வங்கி ஏற்காது.

ஜல்லி ஏற்றுமதி

மணல் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டு ஆற்று மணலை மாநிலத்துக்கு வெளியே கொண்டு போவதற்கு மாநிலக் கனிம விதிகளே தடை. ஒதுக்கீடு 10 லட்சம் டன் இருக்கிறதே என்று யாராவது ஆற்று மணல் விலை சொன்னால் அவரிடம் சுரங்க அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். கேப்பெக்சில் என்ற ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு தடையில்லாச் சான்று கொடுப்பதற்கு முன், தேவையான அனுமதிகள் உள்ளனவா, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் தோண்டியதா என்றெல்லாம் பார்க்கும். எம்-சாண்டை ஆற்று மணல் என்று அறிவிப்பதும் சிக்கலில் விடும். சுங்கப் பட்டியலில் இயற்கை மணல் தலைப்பு 2505, உடைத்த கல் தலைப்பு 2517.

ஜல்லியில் சண்டை வருவது அளவில்தான். நாம் டன்னில் விற்கிறோம், மாலேயில் கட்டுபவர் கன மீட்டரில் எண்ணுகிறார். கொட்டிக் கிடக்கும் ஜல்லி ஒரு கன மீட்டர் 1.4 முதல் 1.6 டன் வரை, கல்லின் வகையையும் சல்லடை அளவையும் பொறுத்து. 10,000 டன்னில் அந்த வேறுபாடு 900 கன மீட்டரை நெருங்கும். மாற்று விகிதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கப்பல் எவ்வளவு அமிழ்ந்தது என்று பார்த்துக் கணக்கிடும் அளவையில், மழையில் நனைந்த ஜல்லி சதவீதக் கணக்கில் கூடுதல் எடை காட்டும். வாங்குபவர் அங்கே காய்ந்த பிறகு அளந்து பணத்தைப் பிடிப்பார். ஈரப்பதச் சோதனையை ஏற்றும் இடத்திலேயே இரு தரப்பு ஆளும் இருக்கும்போது எடுத்துவிட்டால் தகராறு இல்லை. திறந்த பார்ஜில் (தட்டைச் சரக்குப் படகு) போனால் தார்ப்பாய் கட்டாயம். கடல்நீர் தெளித்த கல்லில் குளோரைடு ஏறும், கான்கிரீட்டில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஏற்கெனவே உப்புக் காற்றில் நிற்கும் கட்டடங்கள் அவை.

மாலேயில் ஓட்டல் கொள்முதல் பார்க்கும் தமிழர்

மாலே இறங்குவதோடு பயணம் முடியவில்லை. வணிகத் துறைமுகத்தில் இடம் நெருக்கடி. பெரிய கப்பல் என்றால் நங்கூரமிட்ட இடத்திலிருந்தே பார்ஜில் இறக்குவார்கள். ரிசார்ட்டும் மக்கள் வாழும் தீவும் கிட்டத்தட்ட 1,200 தீவுகளின் நடுவே பரவிக் கிடக்கின்றன, அங்கே போவதெல்லாம் படகில். கன்டெய்னர் அப்படியே போகாது. பெட்டி பெட்டியாகக் கையால் தூக்கி மாற்றுவார்கள். ஆகவே 50 கிலோ சாக்கைவிட 20, 25 கிலோ சாக்கு நல்லது. படகில் வெயிலும் நீரும் படும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை கேட்பார்கள், கொடுங்கள். வெங்காயத்துக்கு மட்டும் உறை போடக் கூடாது.

ஓட்டல் பட்டியலில் கலந்து வரும் சில பொருள்கள் சுங்கத்தில் நின்றுவிடும். பன்றி இறைச்சி, மது இரண்டுக்கும் இறக்குமதியாளரிடம் தனி அனுமதி இருக்க வேண்டும். வழிபாட்டுச் சிலைகள் கூடவே கூடாது. அலங்காரப் பொருள் என்று நினைத்து அனுப்பிய பித்தளைச் சிலைகூட. 2021 ஜூன் முதல் உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கரண்டி, மெல்லிய கைப்பை போன்ற ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்கும் இறக்குமதித் தடை.

வங்கி அந்நியச் செலாவணிப் பிரிவு

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மாலத்தீவு நாணயமான ருஃபியாவை ஒரு டாலருக்கு 15.42 என்று கட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த விலையில் வங்கியில் டாலர் கிடைப்பது அரிது. வெளியே வாங்கினால் அதிகம். இறக்குமதியாளர் நாணயமானவராக இருந்தும் பணம் தாமதமாவது இதனால்தான். கட்டுபடியாகும் டாலருக்காக அவர் வரிசையில் நிற்கிறார். 2024 அக்டோபரில் 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் கொண்ட நாணயமாற்று ஏற்பாட்டை இந்தியா செய்து கொடுத்ததும் இந்த நெருக்கடிக்காகத்தான்.

சிறு சரக்குக்கு முன்பணம் ஒரு பகுதி, மீதி ஆவணங்களைக் காட்டியதும். பெரிய சரக்குக்கு எல்.சி., அதையும் இந்திய வங்கி உறுதி செய்ததாகக் கேளுங்கள். பாரத ஸ்டேட் வங்கிக்கு மாலேயில் 1974 முதலே கிளை உண்டு. 2024 நவம்பரில் ரிசர்வ் வங்கியும் மாலத்தீவு நாணய ஆணையமும் ரூபாய், ருஃபியாவிலேயே கணக்குத் தீர்க்கப் புரிந்துணர்வு போட்டன. ரூபாயில் விலை எழுத வாங்குபவர் தயாரா என்று கேட்டுப் பார்க்கலாம். 90 நாள் கடன் என்று பேச்சு வந்தால் ஈ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடனுக்கான அரசுக் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் வந்ததும் ஷிப்பிங் பில்லோடு ஈ.டி.பி.எம்.எஸ்.ஸில் (ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று ரிசர்வ் வங்கி கண்காணிக்கும் கணினி அமைப்பு) பொருத்திவிட வேண்டும். பொருத்தாமல் விட்ட சிறு தொகைகள் சேர்ந்தால் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறக்கூடும்.

ஸ்க்ராப் வியாபாரி

அங்கிருந்து வரும் சரக்கு குறைவு, பெரும்பாலும் பழைய உலோகம். மாசிக் கருவாடு பெரும்பாலும் இலங்கைக்குப் போகிறது. அதனால் கன்டெய்னர் காலியாகத் திரும்பும், அந்தச் செலவும் உங்கள் போக்கு வாடகையில் ஒளிந்திருக்கும். நம்பகமான ஸ்க்ராப் ஆளோடு கை கோத்தால் கப்பல் நிறுவனத்திடம் வாடகை பேச இடம் உண்டு.

துண்டாக்காத ஸ்க்ராப்புக்கு ஏற்றுமுன் ஆய்வுச் சான்று வேண்டும். மூடிய சிலிண்டர், எரிபொருள் தொட்டி, பழைய பேட்டரி ஒன்று இருந்தாலும் இங்கே கன்டெய்னர் நிற்கும். சாஃப்டா என்ற தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தச் சலுகையில் மாலத்தீவுக்கு மிகவும் பின்தங்கிய நாட்டுக்குரிய இடத்தை 12-ஆவது பிரிவு தனியாகவே காக்கிறது. ஆனால் மூலச்சான்று மட்டும் போதாது. 2020 செப்டம்பரில் வந்த கரோட்டார் விதிகள்படி (வரிச் சலுகை கேட்கும் சரக்கின் மூல நாட்டைச் சரிபார்க்கும் சுங்க விதிகள்), சரக்கு எப்படி அந்நாட்டில் உருவானது என்ற விவரமும் இறக்குமதியாளரான உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். படகு எஞ்சின் ஸ்க்ராப்பில் உப்பு அரித்த அளவு கண்ணுக்குத் தெரியாது. உருக்கினால் வரும் உலோகத்துக்கு விலை பேசுங்கள், எடைக்கு அல்ல.